விசுவாசம், இரட்சிப்பு, கீழ்ப்படிதல்: எது முந்தியது?

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, அதே சபையில் திடப்படுத்தலும் பெற்று, "விசுவாசத்தினால் மாத்திரமே இரட்சிப்பு" என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் நீங்கள். எலத்தகிரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்த பிறகு, உங்கள் மாமனார் யாக்கோபு நிருபத்தைத் திறந்து, மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்ற வசனத்தைக் காட்டி, இதற்கு உங்கள் சபை என்ன பதில் சொல்கிறது என்று கேட்கிறார். ஓசூர் சிப்காட்டில் உடன் வேலை செய்யும் நண்பர்கள் அழைத்துப்போன ஜெபக்கூட்டத்திலோ, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக் கீழ்ப்படியாதவன் இன்னும் இரட்சிக்கப்படாதவன்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு நடுவில், பாகப்பிரிவினையின்போது கிணற்றடி நிலத்தை அண்ணன் தம் பெயருக்கே பட்டா மாற்றிக்கொண்டதால் அவரோடு பேச்சே நின்றுபோயிற்று என்றும், திருவிருந்துக்குப் போகும்போதெல்லாம் அது நெஞ்சை அறுக்கிறது என்றும் எழுதி, "நான் இரட்சிக்கப்பட்டவன்தானா? கீழ்ப்படியாதவனுடைய விசுவாசம் செல்லுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் பேசிய மூன்று தரப்பாரும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அதனால்தான் உங்களுக்கு இத்தனை குழப்பம். விசுவாசமும் வேண்டும், கிரியையும் வேண்டும், கீழ்ப்படிதலும் வேண்டும் என்பதில் வேதத்துக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அது இவற்றை ஒரு வரிசையில் வைத்துப் பேசுகிறது. இரட்சிப்பைத் தேவன் கொடுக்கிறார், மனிதன் அதை விசுவாசத்தினால் பெற்றுக்கொள்கிறான், பெற்றுக்கொண்டவன் கீழ்ப்படிந்து நடக்கிறான். இந்த வரிசை புரண்டுவிட்டால், கவனமாக வாழ்கிறவர்கள் சாகும்வரை பயத்திலேயே கிடக்கிறார்கள். கவலையில்லாதவர்கள் கிருபையின் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்கள் விருப்பப்படியே வாழ்ந்துவிடுகிறார்கள். நம் சபைகளில் நடக்கும் பெரும்பாலான வாக்குவாதங்களை இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், எங்கே கோணல் விழுந்திருக்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

இந்த வரிசை பவுலோடு தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது யாத்திராகமத்திலேயே இருக்கிறது. பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது, "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்றுதான் தொடங்குகிறோம். ஆனால் இருபதாம் அதிகாரத்தில் அதற்கு முந்தின வசனம் ஒன்று உண்டு: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." இஸ்ரவேலர் பார்வோனுக்குச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கட்டளைகள் அவர்களிடம் கொடுக்கப்படவில்லை. இவற்றைக் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு விடுவிக்கிறேன் என்று தேவன் அவர்களிடம் பேரம் பேசவில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் பஸ்கா, பதினான்காம் அதிகாரத்தில் சமுத்திரம் பிளந்தது, பதினாறில் மன்னா. கட்டளைகள் வருவதோ இருபதில். விடுதலையாகி, கடலைக் கடந்து, பசியாறிய ஜனத்திடம்தான் "இனி இப்படி நடவுங்கள்" என்று அவர் சொன்னார்.

எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்துப்போன பஸ்கா இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் ஈசோப்புக் கொத்தைத் தோய்த்து, வாசல் நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிக்கும்படி சொல்லப்பட்டது. கதவுக்குள்ளே இருந்தவன் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அவனுடைய அண்டைவீட்டான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இருவர் வீட்டு வாசலிலும் இரத்தம் இருந்தது, ஆகவே இருவருமே தப்பினார்கள். "அந்த இரத்தத்தை நான் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்" என்பதே வாக்கு. உள்ளே இருந்தவனுடைய தைரியம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கப்படவில்லை. அதே சமயம், இரத்தத்தைத் தெளிக்காமல் "நான் மனதார நம்புகிறேன்" என்று சொல்லி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? அவன் நம்பவே இல்லை என்றுதானே சொல்வோம்? அந்தத் தெளித்தலைக் கிரியை என்று எபிரெயர் நிருபம் கணக்கில் வைக்கவில்லை, விசுவாசத்தினாலே செய்தது என்று பதினோராம் அதிகாரத்தில் எழுதுகிறது. நம்பியதும் செய்ததும் அந்த இரவில் ஒரே செயலாக இருந்தன.

இனிப் பவுலுக்கு வருவோம். எபேசியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற எட்டாம் வசனம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல என்கிற ஒன்பதாம் வசனமும் தெரிந்திருக்கும். அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்கிறதற்காக நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்றும், அவைகளில் நாம் நடக்கும்படி தேவன் அவைகளை முன்னதாகவே ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்றும் சொல்கிறது. கிரியைகளினால் அல்ல, ஆனால் கிரியைகளுக்காக. உங்கள் சபை அடித்துச் சொல்வதும் உங்கள் மாமனார் அடித்துச் சொல்வதும் அடுத்தடுத்த வசனங்களில், ஒரே மனிதருடைய எழுத்தில் இருக்கின்றன. ஒன்பதில் நிறுத்துகிறவருக்கும் பத்திலிருந்து தொடங்குகிறவருக்கும் வேதம் பாதிதான் கிடைக்கிறது.

விசுவாசம் என்று வேதம் எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் கலங்கிப்போகும். தேவன் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வது மட்டும் விசுவாசமாகாது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு அதை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறார். மனம் உருகுவதும், ஆராதனையில் கண்ணீர் வருவதும் நல்லவைதான், ஆனால் அவையும் விசுவாசத்தின் அளவுகோல் ஆகா. தன் பாரத்தை முழுவதும் கிறிஸ்துவின்மேல் வைத்துவிட்டு, அவர் சொன்னது நடக்கும் என்று அதன்படி காலை எடுத்து வைப்பதே விசுவாசம். அது சிறியதாக இருக்கலாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறின தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் பிள்ளையைச் சுகமாக்கினார். "என் விசுவாசம் போதுமா" என்ற உங்கள் கவலைக்கு இந்தத் தகப்பனைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தின் சிறைச்சாலைக்காரனையும் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில், நடுராத்திரியில் பூமி அதிர்ந்து, கதவுகள் திறவுண்டு, கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள் என்று எண்ணித் தன்னையே வெட்டிக்கொள்ளப் பட்டயத்தை உருவினவன் அவன். இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்டபோது, பவுலும் சீலாவும் அவனுக்குச் செயல்களின் பட்டியல் எதையும் நீட்டவில்லை. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்றார்கள். அடுத்து நடந்ததை லூக்கா ஒவ்வொன்றாக எழுதுகிறார். அந்த இரவிலேயே, அந்த நேரத்திலேயே, அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டான். அன்று மாலை அவர்களுடைய கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தவனும் அவனே. காயங்களைக் கழுவு என்று யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை. விசுவாசித்த சில நாழிகைக்குள் அவனுடைய கை தானாகவே தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடிப்போயிற்று.

உங்கள் மாமனார் காட்டும் வசனத்துக்கு இப்போது வரலாம். பவுலும் யாக்கோபும் நேருக்கு நேர் மோதுவதுபோலத் தெரிகிறது. இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள், இருவரும் ஆதியாகமம் 15:6-ஐயே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் அவர்கள் கைவைக்கும் இடங்கள் வெவ்வேறு. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. இஸ்மவேல் பிறந்தபோது 86. நட்சத்திரங்களைக் காட்டித் தேவன் வாக்குக் கொடுத்ததும், அவர் விசுவாசித்ததும், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டதும் இதற்கு இடைப்பட்ட காலத்தில். விருத்தசேதனம் செய்யப்பட்டதோ 99-ஆம் வயதில். ஆகவே, விருத்தசேதனம் என்கிற கிரியை அவருடைய நீதிக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது, ஏனென்றால் அது குறைந்தது 13 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது என்று ரோமர் நான்காம் அதிகாரத்தில் பவுல் வாதிடுகிறார். யூதரல்லாத புறஜாதியாரை விருத்தசேதனம் செய்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

யாக்கோபு பேசுவது, தேவன் சொன்னபடி மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் ஏறிய மோரியா மலையைப் பற்றி. ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது; மலையேறிய நாளில் ஈசாக்கு விறகைத் தோளில் சுமக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தான். அப்படியென்றால், பவுல் காட்டும் இரவுக்கும் யாக்கோபு காட்டும் காலைக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் எண்ணப்பட்ட நீதி, அந்த மலையின்மேல் வெளியரங்கமானது. "கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது" என்று யாக்கோபு எழுதுவது இதைத்தான். அவர் எதிர்த்தவர்களும் வேறு ஆட்கள்: ஆடையும் உணவும் இல்லாமல் வாசலில் நிற்கிற சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள். பவுல் இந்த ஆட்களைச் சந்தித்திருந்தால் யாக்கோபைப்போலவே எழுதியிருப்பார். எழுதியும் இருக்கிறார்: கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில், அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று.

சபை வரலாற்றில் இந்த இடத்தில் பெரிய பிளவே உண்டாயிற்று என்பது உண்மை. லுத்தரன் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர் 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று குறைத்துப் பேசினார். ஆனால் 1530-இல் லுத்தரன் தரப்பினர் ஆக்ஸ்பர்க் நகரில் சமர்ப்பித்த விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவு கிரியைகளின்றி விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைச் சொல்கிறது. ஆறாம் பிரிவு, புதிய கீழ்ப்படிதல் என்ற தலைப்பில், இந்த விசுவாசம் நற்கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்கிறது. இது உங்கள் சொந்தச் சபை மரபின் அடித்தள ஆவணம், தம்பி. உங்கள் போதகரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். மறுபுறம், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் தன் ஆறாம் அமர்வில், நீதிமானாக்கப்படுதலுக்கு முன் வருகிற விசுவாசமோ கிரியையோ எதுவும் அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று எழுதியது. இதை உங்கள் மாமனாருக்கு மரியாதையோடு நினைவூட்டலாம். 1999 அக்டோபர் 31 அன்று அதே ஆக்ஸ்பர்க் நகரில், உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா லுத்தரன் சபைகளும் அதை ஏற்கவில்லை. நீதிமானாக்கப்பட்டவனுடைய நற்கிரியைகளுக்குத் தேவனிடத்தில் என்ன பலன் என்பதில் இன்னும் வேற்றுமை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் படி கிருபையே என்பதில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரு தரப்பாரும் ஒரே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கிருஷ்ணகிரிக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் லுத்தரன் சபை அமைப்பான மிசௌரி சங்கம் அனுப்பிய முதல் மிஷனரிகளில் ஒருவரான தியோடர் நேதர் 1895-இல் தம் பணியைத் தொடங்கியது உங்கள் ஊரில்தான். வேதத்தின் அதிகாரத்தைப் பற்றிய கருத்து வேற்றுமையால் முந்தைய மிஷனை விட்டு விலகியவர் அவர். கிரியைகளின்றி விசுவாசத்தினாலே என்று போதிக்க வந்த அந்த மனிதர், 1904-இல் பிளேக் நோய் கண்டு அங்கேயே இறந்தார். அவருடைய உபதேசத்தில் கீழ்ப்படிதலுக்கு இடமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மரத்தையும் கனியையும் வைத்து இயேசுவே இதைப் போதித்தார். நல்ல மரம் நல்ல கனிகளைக் கொடுக்கும் என்று அவர் சொன்னதை மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியும். சந்தூர்ப் பக்கத்து நாற்றங்கால்களில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாட்டு மாங்கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தண்டை வெட்டி, நடுவே பிளந்து, தேர்ந்த மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை ஆப்பு வடிவில் சீவி அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றுகிறார்கள். அந்தக் குச்சி காய்த்துக் காட்டியதால் ஒட்டப்படவில்லை. ஒட்டப்பட்டதால், வேரின் சாறு அதற்குள் ஏறுவதால், ஒருநாள் காய்க்கப்போகிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் பூ வந்தால்கூட, மரம் முதலில் திடப்படட்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் அதைக் கிள்ளிவிடுகிறார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் நாளைக்கே கனியைக் கேட்டு நெருக்குகிற சபைகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஆனால் வாரங்கள் போயும் குச்சியில் துளிர் வராமல் அது கறுத்துப்போனால், ஒட்டு பிடிக்கவில்லை என்று தோட்டக்காரர் அறிந்துகொள்கிறார். நாடா எவ்வளவு அழகாகச் சுற்றப்பட்டிருந்தாலும் அதனால் பயனில்லை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லும்போது, விசுவாசத்தோடு கிரியையையும் கொஞ்சம் சேர்த்துக் கட்டுங்கள் என்று சொல்லவில்லை, அங்கே ஜீவன் இல்லை என்கிறார்.

ஞானஸ்நானத்தைப் பற்றி. அது கிறிஸ்துவின் கட்டளை. அற்பமாக எண்ண யாருக்கும் உரிமையில்லை. மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதை உங்கள் நண்பர்கள் காட்டினால், அது சரியான வசனம்தான். ஆனால் அதே பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவரும் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பரிசுத்த ஆவியானவர் அவர்கள்மேல் இறங்கினார். அதைக் கண்ட பிறகுதான் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். சிலுவையில் தொங்கின கள்ளனோ தண்ணீரையே காணவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதில் வேதத்தை உண்மையாய் நேசிக்கிறவர்களே பல நூற்றாண்டுகளாகப் பிரிந்திருக்கிறார்கள். வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற வசனங்களை ஒருசாரார் காட்ட, விசுவாசித்த பிறகே பெற்றார்கள் என்ற வசனங்களை மறுசாரார் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன்: தண்ணீரின் அளவை இரட்சிப்பின் விலையாக ஆக்குகிறவர், கலாத்தியாவில் விருத்தசேதனத்தை விலையாக ஆக்கினவர்கள் செய்ததையே தெரியாமல் செய்கிறார். உங்கள் நண்பர்களின் பயமுறுத்தலுக்கு அஞ்சி நீங்கள் முழுக்கு எடுக்கவேண்டாம்.

கீழ்ப்படியாவிட்டால் இரட்சிப்பு போய்விடுமா என்ற கேள்விக்கு, இரட்சிப்பை வேதம் மூன்று காலத்திலும் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். எபேசியரில் இரட்சிக்கப்பட்டீர்கள், முதலாம் கொரிந்தியரில் இரட்சிக்கப்படுகிற நாம், ரோமர் ஐந்தில் இனி இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயம். என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று யோவான் பத்தில் கர்த்தர் சொல்கிறார். எபிரெயர் ஆறிலோ மறுதலித்துப் போகிறவர்களைப் பற்றிய கடுமையான எச்சரிப்பு இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுகிற விளக்கங்கள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் திருப்தி இல்லை. சொகுசாகப் பாவத்தில் உட்கார்ந்திருப்பவன் படிக்கவேண்டியது எபிரெயர் ஆறு. விழுந்துவிட்டோமே என்று கலங்குகிறவன் படிக்கவேண்டியது யோவான் பத்து. பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது: கலங்குகிறவன் எச்சரிப்பைப் படித்து நொறுங்குகிறான், கலங்காதவன் வாக்குத்தத்தத்தைப் படித்துத் தூங்கிவிடுகிறான். உங்களுடைய நெஞ்சு அறுப்பதே உங்கள் விசுவாசம் செத்துப்போகவில்லை என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதின பவுல், அடுத்த வசனத்திலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று எழுதுகிறார்.

கீழ்ப்படிதல் என்றதும் நம் பக்கத்தில் உடனே நினைவுக்கு வருவது சினிமா பார்க்கக்கூடாது, நகை போடக்கூடாது என்கிற பட்டியல். வேதத்தின் பட்டியல் இதைவிட எவ்வளவோ கடினமானது. வயலை அறுத்த வேலைக்காரரின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும், கந்தை கட்டினவனுக்குக் காலடியும் காட்டினால் அது பாவம் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது; ஆலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவனோடு சம்பந்தம் வைப்பதற்கு மட்டும் ஜாதி பார்க்கிறவர்களும், கல்லறைத் தோட்டத்தில் ஜாதிக்கொரு மூலை ஒதுக்குகிறவர்களும் அந்த அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று முதல் அதிகாரம் சொல்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிப் பிறகு தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. இங்கே பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு மகிழ்ச்சியோடு போய் ஸ்தோத்திர ஜெபம் செய்வதே ஒரு கீழ்ப்படிதல்தான்.

கடைசியாக உங்கள் அண்ணன் விஷயம். மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின் உவமையை இந்த எண்களோடு சேர்த்துப் படியுங்கள். ராஜாவிடம் அந்த ஊழியக்காரன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆகவே அது 6 கோடி நாள் கூலி. ஒருநாள்கூட விடாமல் உழைத்தாலும் அடைக்க ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை ராஜா மனமிரங்கி மன்னித்துவிட்டார். அவனுக்கு அவன் உடன் ஊழியக்காரன் கொடுக்கவேண்டியது 100 வெள்ளிப்பணம். பிரசங்கங்களில் இதை அற்பத் தொகை என்று சொல்லிவிடுவார்கள். அது அற்பம் அல்ல. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. கூலிக்காரக் குடும்பம் எதுவும் அதை எளிதாக விட்டுவிடாது. அவனுடைய மனக்குறை உண்மையானது; உங்களுடையதும் அப்படியே. கிணற்றடி நிலம் போனது சிறிய இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். மன்னிப்பு முதலில் வந்தது. அவன் எதையும் செய்து அதைச் சம்பாதிக்கவில்லை. ஆனால் அந்த மன்னிப்பு அவனைத் தொடவே இல்லை. வெளியே வந்ததும் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்தான். ராஜா அதற்காக அவனைக் கணக்குக் கேட்டார் என்பதை இயேசு மறைக்கவில்லை. நான் மேலே சொன்ன வரிசையும் எச்சரிப்பும் இந்த ஒரே உவமையில் சேர்ந்தே இருக்கின்றன.

மன்னிப்பதென்றால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆயக்காரன் சகேயு இரட்சிப்பைப் பெற்ற அன்றே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நியாயம் செய்யப்படுவதை வேதம் ஒருபோதும் தடுக்கவில்லை. சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் பட்டாவுக்கு ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள், பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். ஆனால் அதற்கு முன் அண்ணன் வீட்டுக்கு நீங்களே போய், நிலத்தைப் பற்றி எதுவும் எடுக்காமல், அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்துவிட்டு வாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் சொன்னவர், யார் பக்கம் தவறு என்று அங்கே கேட்கவில்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் போ என்றுதான் சொன்னார். உங்கள் அண்ணன் கதவைத் திறக்காமலே போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் பன்னிரண்டில் எழுதின பவுல், அப்படி ஒரு நாள் வரும் என்பதை அறிந்தே எழுதினார். அவர் திறக்காவிட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தயங்காமல் திருவிருந்துக்குப் போகலாம்; அடுத்த பண்டிகைக்கு மறுபடியும் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போங்கள்.